தன்னிரக்கமும் தன்மேல் அருளும்

1

நம் சிறுபத்திரிகை விமர்சனத்தில் ஒரு கவிதையைக் கீழே இறக்க மிகக் குறைந்த செலவில் கிடைக்கிற சொல் 'தன்னிரக்கம்'. 'வெறும் தன்னிரக்கம்' என்று எழுதிவிட்டால் போதும். அந்தக் கவிதையை மேற்கொண்டு படித்துக் காட்டவேண்டிய பொறுப்பிலிருந்து விமர்சகனுக்கு விடுதலை கிடைத்துவிடுகிறது. இந்தச் சொல்லே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. தன் காயத்தைத் தானே தடவிக்கொடுத்து, அது ஆறிவிடாமல் பார்த்துக்கொள்கிற கவிதைகள் நம்மிடம் ஏராளம். அவற்றுக்கு ஒரு பெயர் வேண்டியதுதான். என் ஆட்சேபம் வேறு. ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு காரியங்களை இந்த ஒரே சொல்லால் நாம் மூடிவைத்திருக்கிறோம்.

ஒன்று, தன் துயரத்தைச் சீராட்டி வளர்ப்பது. மற்றது, தன்னையே உற்றுப் பார்க்கிற வேளையில், பார்க்கப்படுவதும் துன்பப்படுகிற ஓர் உயிர்தான் என்பதை மறக்காதிருப்பது. முதலாவது சுகம். இரண்டாவது சாதகம், பழைய அர்த்தத்தில், ஆத்ம சாதகம்.

குழப்பத்துக்குத் தமிழ்ச் சொல்லே ஒரு காரணம். 'இரக்கம்' என்பதில் ஏற்கெனவே அழுகை இருக்கிறது. நெய்தல் திணையின் உரிப்பொருள் இரங்கல். கடற்கரையில், பிரிவில், வராதவனை நினைத்துப் புலம்புவது. அந்தச் சொல்லின் முன்னால் 'தன்' என்று சேர்த்ததும் அது புலம்பலாகத்தான் காதில் விழுகிறது. 'அருள்' என்ற சொல் வேறு. அதில் ஈரம் உண்டு, புலம்பல் இல்லை. ஆனால் அருள் எப்போதும் இன்னொருவரிடமிருந்து வருவது, அல்லது இன்னொருவருக்குச் செய்வது. தனக்குத்தானே அருளுவது என்றால் தமிழில் இலக்கணப் பிழை மாதிரி ஒலிக்கிறது. ஒரு மொழியில் எது பிழை மாதிரி ஒலிக்கிறது என்பது அந்த மொழி பேசுகிறவர்களின் ஆன்மிகத்தைப் பற்றியும் ஏதோ சொல்கிறது என்று நினைக்கிறேன்.

வள்ளுவர் அன்புடைமையை இல்லறத்திலும் அருளுடைமையைத் துறவறத்திலும் வைத்தார். தொடர்புடையவர் மேல் செல்வது அன்பு, தொடர்பு நோக்காமல் எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்று பரிமேலழகர் வழியாக நாம் படித்து வந்திருக்கிறோம். கேள்வி இதுதான்: அந்த 'எல்லா உயிர்'களில் நானும் ஒருவனா, இல்லையா? என்னை மட்டும் கழித்துவிட்ட கணக்கு எல்லா உயிர் கணக்கு ஆகுமா?

வள்ளுவரிடம் இதற்கு ஒரு குறிப்பு இருப்பதாகவே எனக்குப் படுகிறது. 318ஆம் குறள், தன் உயிருக்கு எது துன்பம் என்று அறிந்தவன் எப்படிப் பிற உயிருக்கு அதைச் செய்வான் என்று கேட்கிறது. பிறர் மேல் செல்லும் கருணைக்கு அங்கே அளவை, தன் வலியைத் தான் அறிந்திருப்பது. அந்த அறிவு பொய்யானால் கருணையும் பொய். தன் வலியை 'வெறும் தன்னிரக்கம்' என்று ஒதுக்கிவிட்டவன் பிறர் வலியை எந்தக் கோலால் அளப்பான்? 190ஆம் குறள், அயலார் குற்றத்தைப் பார்ப்பதுபோல் தன் குற்றத்தையும் பார்க்க முடிந்தால் உயிர்களுக்குத் தீமை ஏது என்கிறது. கண்டிப்பைப் போதிக்கிற குறளாகவே இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறோம். எனக்கு இதில் முக்கியம் அந்த அயலார்தான். அயலான் குற்றத்தைக் காணும்போது நாம் நெஞ்சில் அறைந்துகொள்வதில்லை. நம்மை நியாயப்படுத்த வாதாடுவதும் இல்லை. தெளிவாகப் பார்க்கிறோம். தன்னையும் அந்தத் தூரத்தில் வைத்துப் பார், நாடகம் வேண்டாம் என்பதுதான் குறளின் உள்ளர்த்தம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

2

அமெரிக்க உளவியலாளர் கிரிஸ்டின் நெஃப் 2003இல் தன்மேல் கொள்ளும் கருணையை அளக்க 26 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். அதன்பின் அங்கே அது ஆய்வுத் துறையாகவும் பயிற்சி வகுப்புகளாகவும் கிளைத்துவிட்டது. அளவுகோல் என்னைக் கவரவில்லை. ஆனால் அவர் இதற்குக் கடன்பட்டிருக்கும் இடம் பௌத்தம். அந்தக் கடனின் மூலப் பத்திரம் நமக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது.

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்துகொண்டு புத்தகோசர் எழுதியது விசுத்திமக்கம். அவர் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததை அவருடைய உரைநூல் ஒன்றின் முடிவுரை சொல்கிறது. ஆக, நம் தெருவில் நடந்துபோனவர்தான். விசுத்திமக்கத்தின் 9ஆம் அத்தியாயம் மைத்ரீ, கருணை, முதிதை, உபேக்ஷை என்ற நான்கு பாவனைகளைப் பற்றியது. மைத்ரீ பாவனையை முதலில் தன்னிடத்தில்தான் ஆரம்பிக்கவேண்டும் என்கிறார் புத்தகோசர். சுயநலத்துக்காக அல்ல, சாட்சிக்காக. நான் சுகத்தை விரும்புகிறேன், துக்கத்துக்கு அஞ்சுகிறேன். அப்படியே மற்ற உயிர்களும். தன்னிடத்தில் இது நிலைப்பட்ட பிறகுதான் பிரியமானவர், நடுநிலையானவர், பகைவர் என்று வட்டம் விரிகிறது.

அதே அத்தியாயத்தில் விமர்சகனுக்கு உபயோகமான இன்னொரு கருவியும் இருக்கிறது. ஒவ்வொரு நற்குணத்துக்கும் இரண்டு பகைகள் உண்டு என்கிறார்: தூரத்துப் பகை, அருகாமைப் பகை. கருணைக்குத் தூரத்துப் பகை கொடுமை. அது வெளிப்படையான எதிரி. முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அருகாமைப் பகை துக்கம், லௌகிக இழப்புகளை எண்ணிக் குமைகிற துக்கம். இது ஆபத்தானது. ஏனென்றால் கருணையின் ஜாடையில் இருக்கிறது, கருணையின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது.

இதைத் தன்மேல் கொள்ளும் கருணைக்குப் பொருத்திப் பாருங்கள். அருகாமைப் பகை தன்னிரக்கம். தூரத்துப் பகை தன்வெறுப்பு. நம் விமர்சனம் இத்தனை வருஷங்களாக வாசலில் தடியோடு நின்று அருகாமைப் பகையை அடித்து விரட்டிக்கொண்டிருக்கிறது. நல்லதுதான். ஆனால் அதே வேளையில் தூரத்துப் பகையைக் கொல்லைப்புறமாகக்கூட அல்ல, முன்வாசல் வழியாகவே மரியாதையோடு உள்ளே அழைத்து, கூடத்தில் பாய் விரித்து உட்காரவைத்திருக்கிறது. அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள் நேர்மை, உக்கிரம், சுயவிமர்சனம். தன்னைப் புழு என்று ஒரு கவிஞன் எழுதினால் அது சத்திய தரிசனம். தனக்கு வலிக்கிறது என்று எழுதினால் அது தன்னிரக்கம். இரண்டு கவிதைகளிலும் பார்வையின் தரம் என்ன என்று நாம் கேட்பதே இல்லை.

3

இந்த மரியாதை எங்கிருந்து வந்தது? மேற்கத்திய நவீனத்துவத்திலிருந்து என்பது சுலபமான பதில், பாதி பதில். மீதிப் பாதி நம் பக்தி இலக்கியத்தில் இருக்கிறது.

மாணிக்கவாசகர் தன்னை நாய் என்று சொல்லிக்கொள்வது திருவாசகத்தைத் திறந்த எவருக்கும் தெரியும். 'நாயேன்' என்பது அங்கே கிட்டத்தட்ட ஒரு தன்மைப் பெயர். தன்னைத் தாழ்த்திக்கொள்வதே ஞானத்தின் அடையாளம் என்ற ஒரு வாய்பாடு பல நூற்றாண்டுகளாக இப்படி நம் செவியில் பதிந்திருக்கிறது. வாய்பாட்டை மட்டும் கேட்டு, அது எந்தப் பேச்சின் பகுதி என்பதை நாம் மறந்துவிட்டோம்.

நீத்தல் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 50 பாட்டுகள். என்னைக் கைவிட்டுவிடாதே என்ற ஒரே மன்றாட்டு, அந்தாதியாகக் கோத்துக்கொண்டு போகிறது. தன் குற்றங்களின் பட்டியல் நீண்டுகொண்டே இருக்கிறது. ஆனால் கடைசிப் பகுதிக்கு வரும்போது சுருதி மாறுகிறது. நீ என்னைக் கைவிட்டால் உன்னை ஊர் சிரிக்க வைத்துவிடுவேன், பித்தன் என்று சொல்வேன் என்று அடியவன் ஆண்டவனை மிரட்டுகிறான். இந்த மிரட்டலை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். உண்மையிலேயே தன்னை வெறுப்பவனால் இப்படி மிரட்ட முடியாது. காலடியில் கிடக்கும் நாய்க்கு அந்த வீட்டில் ஓர் இடம் இருக்கிறது. அந்த உரிமையில்தான் அது குரைக்கிறது. தன்னைத் தாழ்த்துகிற அந்தக் குரல் ஓர் உரையாடலின் ஒரு பாதி. மறு பாதி அருள். அது பாட்டில் பேசாவிட்டாலும் ஒவ்வொரு பாட்டும் அதன் முன்னிலையில்தான் பாடப்படுகிறது. பார்ப்பது தன் வேலை, அருள்வது அவன் வேலை என்று பக்தியில் ஒரு வேலைப் பங்கீடு இருந்தது. அது நடந்தது.

புதுக்கவிதை வந்தபோது கேட்பவன் போய்விட்டான். அவன் போனதற்காக நான் வருந்தவில்லை. போகவேண்டிய காலம் வந்தது, போனான். ஆனால் வேலைப் பங்கீட்டில் அவன் பங்கை யார் எடுத்துக்கொண்டார்கள்? ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் பதில். பட்டியல் மிஞ்சியது. 'நாயேன்' மிஞ்சியது. வீடு இல்லை. காலியான ஆசனத்தில் ஒரு நீதிபதி வந்து உட்கார்ந்துகொண்டான், அவனும் நானேதான். எழுத்துவில் வந்த சி. மணியின் 'நரகம்' தொடங்கி நகரத்தில் அலைந்த நம் கவிதை நாயகர்களின் பின்னால் இந்த நீதிபதி நடந்துகொண்டே இருக்கிறான். சி. மணியிடம் கூர்மையான அங்கதம் இருந்ததால் நீதிபதியையும் சேர்த்துக் கேலி செய்ய அவருக்குத் தெரிந்தது. அவர் பின்னால் வந்த பலருக்கு அந்த அங்கதம் வாய்க்கவில்லை. குற்றப்பத்திரிகை மட்டும் கிடைத்தது.

4

குற்றம் சாட்டுபவனால் பார்க்க முடியுமா? என் கட்டுரையின் மையம் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முடியாது என்றே நினைக்கிறேன். அவனுக்குத் தீர்ப்பு முன்பே தெரியும். அவன் தேடுவது ருசு. தன்னைப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்து தன்னை வெறுக்கிறவன், தனக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைக் காணமாட்டான். ஏற்கெனவே முடிவான வழக்குக்குச் சாட்சி சேகரித்துக்கொண்டிருப்பான். அதற்கு மேலும் ஒன்று. தன்வெறுப்பில் ஒரு பெரிய 'நான்' பத்திரமாக இருக்கிறது. என்னைப்போல் பாவி உண்டா என்பவன் பாவத்திலாவது முதலிடம் கேட்கிறான். தன்னைச் சீராட்டுகிறவனும் தன்னைச் சவுக்கால் அடிக்கிறவனும் ஒரே கண்ணாடியின் முன்னால்தான் நிற்கிறார்கள். ஒருவன் தலை வாரிக்கொள்கிறான், மற்றவன் கன்னத்தில் அறைந்துகொள்கிறான். கண்ணாடியை விட்டு நகர இருவருக்கும் மனமில்லை.

இதை மிகச் சுருக்கமாக அறிந்தவர் ரமணர். 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை திருவண்ணாமலையில் கேட்ட கேள்விகளுக்கு, மௌனத்தில் இருந்த அந்த இளைஞர் எழுதிக் காட்டிய பதில்களே பிறகு 1923இல் 'நான் யார்?' என்ற சிறு புத்தகமாக அச்சேறின. அதில் ஓரிடம். எவ்வளவு பெரிய பாவியானாலும், பாவியாகிவிட்டேனே, எப்படிக் கரையேறுவேன் என்று அழுதுகொண்டிராமல், தான் பாவி என்ற எண்ணத்தையே விட்டுவிட்டுத் தியானத்தில் ஊக்கமாயிருந்தால் அவன் உருப்படுவான் என்கிறார். இதில் பாவ மன்னிப்பு எதுவும் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். நீ பாவி அல்ல என்று அவர் தேற்றவில்லை. பாவி என்பதும் ஓர் எண்ணம், வந்துபோகிற மற்ற எண்ணங்களைப்போல. அதற்கு மட்டும் ஏன் ஆசனம் போட்டுத் தருகிறாய் என்பதுதான் விஷயம். நம் ஆன்மிக உரைநடையில் தன்மேல் அருளை இதைவிடச் சிக்கனமாகச் சொன்ன இடம் எனக்குத் தெரியாது. அருள் என்ற சொல்கூட அந்த இடத்துக்குத் தேவைப்படவில்லை.

ஜே. கிருஷ்ணமூர்த்தி வேறு பாதையில் இதே இடத்துக்கு வருகிறார். தேர்வு செய்யாமல், கண்டிக்காமல், நியாயப்படுத்தாமல் பார்ப்பது. கேட்க எளிது. பொறாமை எழும்போது பொறாமைப்படக்கூடாது என்று இன்னொரு குரல் உடனே கிளம்புகிறது. அந்தக் குரலும் பொறாமையின் உறவினர்தான் என்று காண்பது எளிதல்ல. நம் இலக்கிய உலகில் கிருஷ்ணமூர்த்தியை ஊன்றிப் பயின்றவர் பிரமிள். விமர்சனத்தில் எவருக்கும் சலுகை காட்டாதவரும் அவர்தான். இதை முரண்பாடு என்று கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. இது நம் எல்லோருக்கும் உரிய கேள்வி. தீர்ப்பில்லாத பார்வை என்றால் இலக்கியத்தில் தர நிர்ணயம் என்னாவது? என் பதில்: படைப்பின் மேல் தரம் சொல்வது வேறு, படைத்தவன் மேல் தீர்ப்புச் சொல்வது வேறு. தச்சன் கோணல் கட்டையைக் கோணல் என்றுதான் சொல்லவேண்டும். அதற்காக மரத்தைத் திட்டவேண்டியதில்லை.

5

அருளோடு தன்னைப் பார்த்த கவிதையும் உரைநடையும் நம்மிடம் இல்லையா என்றால், இருக்கிறது. சத்தம் குறைவாக இருப்பதால் கவனிக்காமல் விட்டிருக்கிறோம்.

நகுலனைச் சொல்வேன். 'நாய்கள்' (1974) என்று ஒரு நாவலுக்கே பெயர் வைத்தவர். 'நினைவுப் பாதை'யில் (1972) அவர் தன்னை நவீனன், நகுலன் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார். தன்னை இரண்டாகப் பிரிப்பது நவீன இலக்கியத்தில் புதிதல்ல. வழக்கமாக அதில் ஒருவன் குற்றவாளி, மற்றவன் அரசாங்க வக்கீல். நகுலனிடம் அப்படி இல்லை. இரண்டு சிநேகிதர்கள் திருவனந்தபுரத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது. ஒருவர் குழப்பம் மற்றவருக்குத் தெரியும். தெரியும் என்பதற்காக அவசரமில்லை. தன் பித்தையும் தனிமையையும் அவர் மறைக்கவும் இல்லை, காட்சிக்கு வைக்கவும் இல்லை. நாவலின் கட்டுமானம் குலைந்திருக்கிறது என்று சிலர் குறை சொன்னதுண்டு. அந்தக் குலைவில்தான் சுவாசம் இருக்கிறது என்பது என் வாசிப்பு.

ஆத்மாநாமைப் பற்றிப் பேசுவது கடினம். 1951இல் பிறந்து 1984இல் மறைந்தார். மனநோயின் வேதனையோடு வாழ்ந்தவர். அவர் முடிவு நமக்குத் தெரியும். அந்த முடிவிலிருந்து பின்னோக்கி நடந்து ஒவ்வொரு கவிதையிலும் அதற்கான தடயம் தேடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இதுவும் ருசு தேடும் வேலைதான். நோய் நோய்தான், அது ஒரு கவிதைக் கோட்பாடு அல்ல, ஒரு மனிதனின் ஆன்மிகத் தோல்வியும் அல்ல. 'காகிதத்தில் ஒரு கோடு' (1981) தொகுப்பை அந்தத் தேடல் இல்லாமல் படித்துப் பாருங்கள். அதில் பேசுகிறவன் தன்னைச் சுற்றியிருக்கிற அற்பப் பொருள்களை எந்த மரியாதையோடு பார்க்கிறானோ அதே மரியாதையோடு தன்னையும் பார்க்கிறான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குரல் உயரவில்லை. தன்னையும் உலகத்துப் பொருள்களில் ஒன்றாக வைத்துப் பார்க்க முடிந்த அந்தச் சமநிலை, அவர் பட்ட வேதனையை நினைக்கும்போது, நமக்குக் கிடைத்த கொடை. அது அவரைக் காப்பாற்றவில்லையே என்று கேட்கலாம். கவிதையை வைத்தியமாக எண்ணுகிறவர்கள் கேட்கிற கேள்வி அது. கவிதை பார்த்தது, உண்மையாகப் பார்த்தது. அதன்மேல் நாம் வைக்க நியாயமுள்ள எதிர்பார்ப்பு அவ்வளவுதான்.

தன்னைப் பார்ப்பது கடைசியில் தன்னிலேயே அடைத்துவைத்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு வள்ளலாரை நினைவுபடுத்துவேன். அவருடைய 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' உரைநடை நூல். பசி வந்தால் மனிதனுக்கு என்ன ஆகிறது என்று அதில் ஒரு நீண்ட வர்ணனை இருக்கிறது. கண் எப்படி மங்கிக் குழிகிறது, காது எப்படி அடைத்துக்கொள்கிறது, நாக்கு எப்படி வறள்கிறது என்று அங்கம் அங்கமாக. வெளியே நின்று பார்த்தவனுக்குக் கண் குழிந்தது தெரியலாம். காது அடைப்பது எப்படித் தெரியும்? அது உள்ளேயிருந்து மட்டுமே கிடைக்கிற தகவல். தன் பசியை ஒருவர் கவனமாக, வெட்கமில்லாமல், புலம்பாமல் பார்த்திருக்கிறார். அந்தக் கவனம்தான் 1867இல் வடலூரில் தருமச்சாலையாயிற்று. அங்கே மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. தன் வலியைப் பார்த்த கண்ணும் பிறர் வலியைப் பார்த்த கண்ணும் இரண்டல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய நிரூபணம் எனக்கு வேண்டாம்.

ஆகவே, 'நான்' என்று ஆரம்பிக்கிற கவிதை ஒன்று கையில் கிடைக்கும்போது முத்திரை குத்துவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்க்கலாம் என்பது என் யோசனை. முதலாவது, இங்கே பார்வை முந்தியதா, தீர்ப்பு முந்தியதா? தீர்ப்பு முந்தியிருந்தால், அது தனக்குச் சாதகமானாலும் பாதகமானாலும், கவிதை உண்மையைத் தொடவில்லை. இரண்டாவது, இந்த 'நான்' எனக்கும் இடம் விடுகிறதா? தன்னிரக்கம் என்னை அழச் சொல்கிறது, தன்வெறுப்பு என்னை மெச்சச் சொல்கிறது. இரண்டிலும் நான் வெறும் பார்வையாளன். அருளோடு தன்னைப் பார்த்தவனின் கவிதையில் நான் பார்வையாளன் அல்ல. அவன் பார்த்த இடத்தில் நானும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்கள் சிலரே. பெரும்பாலும் நாமே எழுதி நாமே படிக்கிறோம். ஒருவர் கவிதையை ஒருவர் கடுமையாகச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் ராத்திரி விளக்கை அணைத்தபின், நாளைக்கு அச்சுக்குப் போகவேண்டிய பக்கத்தைவிடக் கடுமையாக நம்மை நாமே சொல்லிக்கொள்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு என்பதும் எனக்குத் தெரியும். அதை நேர்மை என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். அந்தக் குரல் இதுவரை நமக்கு ஒரு நல்ல வரியாவது எழுதித் தந்திருக்கிறதா என்று யோசிக்கலாம்.